கறுத்த அலுமினியக் கிண்ணம்

ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதாயில்லையே என்று இன்ஸ்பெக்டர் ஸாலிஹ் அலுத்துக்கொண்ட காலையில், அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் இராஜநாயகம் வந்து நின்றார்.

"சமையற்காரி மேபல் என்ர நாய்க்கு எலி மருந்து வைச்சிட்டாள். பொலிசுக்குப் போக முன்னம் ஒருக்கா வந்து பாருங்கோ."

1943, கொழும்பு. யுத்தத்தால் மனிதருக்கே மருந்து கிடைக்காத நேரம். ஸாலிஹ் செருப்பை மாட்டினார். துப்பறிவதென்றால் சோறும் வேண்டாத மருமகன் ஷிப்லி முன்னால் நடந்தான்.

சமையலறையில் ஜிம்மி வாயில் நுரை வழியக் கிடந்தது. மூலையில் துணிமூட்டையோடு மேபல் அழுதாள். இராஜநாயகத்தின் மனைவி ஜெகதீஸ்வரியின் விரலில் கட்டு. "அடுப்பு சுட்டுப்போட்டுது," என்றார், யாரும் கேட்காமலே.

ஷிப்லி உப்புத் தண்ணீர் கலக்கினான். "வாந்தி எடுத்தா நஞ்சு வெளிய வந்திடும் மாமா."

"பொறு."

மார்க்கப்படி, நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால். அந்த வேலையை நினைத்துச் சலித்தபடியே ஸாலிஹ் குந்தி, நாயின் உதட்டைத் தூக்கினார். உள்ளே வெந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம். உட்புறம் கறுத்து, தேங்காய் எண்ணெய் மணத்தது.

"எலி மருந்து வாயை இப்பிடி வேக வைக்காது. அலுமினியமும் கறுக்காது. ரெண்டையும் செய்யிறது கோஸ்டிக் சோடா. கடையில சவர்க்காரம் இல்லாததால பாதி வெள்ளவத்தை அதையும் எண்ணெயையும் சேர்த்து வீட்டிலயே காய்ச்சுது. மேபல் சமைக்கிற வீட்டில அம்மாவை அடுப்பு சுட்டது எப்பிடி?"

ஜெகதீஸ்வரி கட்டுப்போட்ட விரலை முந்தானைக்குள் மறைத்தார்.

"நான் சொன்னது பிழையெண்டா ஷிப்லி தண்ணியைப் பருக்கட்டும். சரியெண்டா, வாந்தியோட தொண்டை இன்னொருக்கா வேகும். நாய் செத்திடும்."

ஷிப்லி குவளையோடு குனிந்தான்.

"பருக்காதேங்கோ," என்றார் ஜெகதீஸ்வரி. "நான்தான் கிண்ணத்தைக் கீழ வைச்சனான். இவருக்கு நாயெண்டா உயிர். பயத்தில அவளைச் சொல்லிப்போட்டன்."

இராஜநாயகம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். மேபல்தான் மூட்டையை அவிழ்த்து, தன் சேலையொன்றில் நாயைச் சுற்றித் தூக்கினாள். ஸாலிஹும் கூடப் போனார்.

என்ன குடித்ததென்று சரியாகச் சொன்னதால் பிழைக்கும் என்றார் மிருக வைத்தியர். மேபல் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேனென்று அங்கிருந்தே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிட்டாள். அதைச் சொல்லத்தான் ஸாலிஹ் நாயுடன் திரும்பி வந்தார். சொல்லிவிட்டுக் களைப்போடு குழாயடியில் கை கழுவக் குந்தினார்.

ஜெகதீஸ்வரி தயங்கித் தயங்கி, இன்னும் ஈரம் காயாத ஒரு சவர்க்காரக் கட்டியை நீட்டினார்.

"வேணாம் அம்மா," என்றார் ஸாலிஹ். "கொஞ்சம் மண் தாங்க."