இடது கைக்கு ஓர் ஆள்

கீபோர்டின் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் யாரோ மூச்சு விட்டார்கள்.

கீபோர்டுக்காரர் முதலில் அதைத் தன்னுடைய மூச்சு என்றே நினைத்தார். மூன்று நாளாக அடுத்தடுத்துக் கச்சேரி, சரியான தூக்கமில்லை, கழுத்து இறுகிக் கிடந்தது. இந்த லட்சணத்தில் தன் மூச்சு எது, தலைக்கு மேலே ஓடும் ஃபேனின் காற்று எது என்று யாருக்குத்தான் பிரித்துத் தெரியும்? சத்தம் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களை மெத்தை வைத்து அடைத்த ஒத்திகை அறை அது. மத்தியான வெயில் கதவிடுக்கு வழியாகத் தரையில் ஒரு கோடாக மட்டும் கிடந்தது. சூடான வயர்களின் ரப்பர் நெடியும், யாரோ பாதி குடித்துவிட்டு மறந்துபோன டீயின் புளிப்பு வாடையும் அறை முழுக்க நின்றன.

இடது கடைக்கோடிக் கட்டையை மறுபடி அழுத்தினார். தும்ம் என்று பேஸ் கிட்டார் அதிர்ந்தது. எடுத்தார். நின்றது. அப்புறம் ரொம்ப மெதுவாக, மூக்கால் இழுத்து விடுகிற ஒரு மூச்சு.

"சரிதான், உனக்கும் வயசாயிடுச்சா?" என்று மெஷினைத் தட்டினார்.

காலையிலிருந்து அவர் செய்துகொண்டிருந்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கீபோர்டை நடுவில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கக் கட்டைகளுக்கு பேஸ் கிட்டாரின் சத்தத்தையும் வலப்பக்கத்துக்குப் பியானோவையும் கொடுப்பது, அவ்வளவுதான். குழுவை நடத்தும் மாஸ்டர் சொன்ன யோசனை அது. "வண்டியும் சின்னது, மேடையும் சின்னது. ஒரு ஆளக் குறைச்சுக்கலாம். இடது கையில பேஸ நீயே பாத்துக்கோயேன்." குறைக்கப்பட்ட ஆளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக மேடையில் இவருக்கு இடப்பக்கம் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன்.

அதிலும் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. மெஷினோடு வந்த பேஸ் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது போலிருந்ததால், போன வாரம் நெட்டையின் கிட்டார் வயரை நேராக மெஷினில் செருகி, "ஒவ்வொரு சுரமா வாசிடா, லெவல் பாக்கணும்" என்றார். நெட்டை சிரித்தான். "என்னடா இது, மொத நாள் கிளாஸ் மாதிரி?" பன்னிரண்டு சுரத்தையும் பொறுமையாக வாசித்துக் கொடுத்தான். அத்தனையும் அவனுக்குத் தெரியாமல் மெஷினில் பதிவாயின. அவன் போன பிறகு, ஒவ்வொரு சுரத்தின் முடிவையும் அதன் தொடக்கத்தோடு ஒட்டி, கட்டையைப் பிடித்திருக்கும் வரை ஓயாமல் ஒலிக்கும்படி செய்தார். நேற்று மாஸ்டர் ஃபோன் போட்டு நெட்டையை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர் பேசவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

விரலை எடுத்ததும் ஒலி சட்டென்று அறுந்துபோகும்படி மெஷினில் மாற்றிப் பார்த்தார். மூச்சு போகவில்லை. வயரை மாற்றினார். போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் மைக்கே வைக்கவில்லை. வயர் வழியாகக் கம்பியின் அதிர்வு வரும். வாசித்தவனின் மூச்சு எப்படி வரும்?

ஃபேனை நிறுத்தினார். இரண்டாவது கட்டை. சுரம் முடிந்ததும் தொண்டையைச் செருமும் சத்தம். மூன்றாவது. செருப்பைத் தரையில் தேய்த்து நடக்கும் சத்தம். நான்காவதில் சிரிப்பு. யாருடைய சிரிப்பு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, இருபத்திரண்டு வருஷமாக இடது காதில் கேட்டது.

ஃபோன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. நெட்டையின் மனைவி.

"அண்ணா, அவர் அங்க வந்தாரா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"நேத்துலேருந்து வாயே தொறக்கல. கோபம்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில கைதவறி டம்ளரப் போட்டார். செதறிப் போச்சு. ஆனா சத்தமே வரல அண்ணா. கதவத் தொறந்தாலும் வரல. அவர் கை பட்டா எதுலயுமே சத்தம் வரல. எனக்கு பயமா இருக்கு. இப்ப கிட்டாரத் தூக்கிட்டு எங்கயோ கெளம்பிட்டார்."

"இங்கதான் வருவான். நான் பாத்துக்கறேன்மா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. மெஷினிலிருந்து அழித்துவிட்டால் அது அவனிடமே போய்ச் சேர்ந்துவிடும். அலுத்துப்போன மூளைக்கு அதற்கு மேல் ஓடவில்லை. மேல் சுரத்திலிருந்து ஆரம்பித்தார். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. ஆமாம். அடுத்தது. ஆமாம். அழி, அழிச்சுத் தொலை. சிரிப்பு போனது. செருப்பு போனது. செருமல் போனது. பதினொன்று அழிந்தாயிற்று.

தரையில் கிடந்த வெயில் கோடு அகலமானது.

நிமிர்ந்தார். எண்ணெயே காணாத கதவு, திறந்தால் ஊரைக் கூட்டும். அது திறந்துகிடந்தது. நெட்டை நின்றான். தோளிலிருந்து கிட்டார் பை நழுவித் தரையில் விழுந்தது. சத்தமில்லை. வாய் அசைந்தது. சத்தமில்லை. உதடு நீலமாகியிருந்தது. சட்டைக்குள் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

சுவரைப் பிடித்தபடி சரிந்தான்.

ஐயோ. திருப்பிக் கொடுக்கவில்லை. மிச்சமிருந்ததையும் தொலைத்துவிட்டார்.

ஒரே ஒரு கட்டை பாக்கி. கடைக்கோடி. சுண்டுவிரலால் அழுத்தினார்.

தும்ம்.

நெட்டையின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. சுரம் ஓயாமல் ஒலிக்க ஒலிக்க, மூச்சு வந்தது, போனது. உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. விரலை லேசாகத் தளர்த்தினார். மூச்சு நின்றது. பதறிப்போய் அழுத்தினார். வந்தது.

"மன்னிச்சிருடா" என்றார். கண்ணில் நீர் முட்டியது. "தெரியாம பண்ணிட்டேன்டா."

நெட்டை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்தான்.

எவ்வளவு நேரம் போனதோ. சுண்டுவிரல் நடுங்கத் தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை கடுத்தது. படுத்தால் போதும் என்றிருந்தது, வேறு எதுவும் வேண்டாம்.

"டேப் ஒட்டிடறேன்டா. இல்லேன்னா கனமா எதையாவது வச்சுடறேன். ஒண்ணும் ஆகாது" என்று வலது கையை நீட்டினார்.

நெட்டை தலையை ஆட்டினான். வேண்டாம். எழுந்து வந்தான். காலடி கேட்கவில்லை. நீட்டிய கையை மெதுவாக விலக்கினான். பக்கத்தில், இடப்பக்கம், எப்போதும் நிற்கும் இடத்தில் வந்து நின்றான். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தச் சுண்டுவிரலின் மேல் வைத்தான்.

அழுத்தினான்.

"வலிக்குதுடா."

இன்னும் அழுத்தினான். விரல் முறிவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

கீபோர்டுக்காரர் வாயைப் பிளந்து அலறினார். அதற்கும் வரவில்லை. அறைக்குள் அந்த ஒரு சுரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.