ஆறாவது தவளை

இரும்புத் தவளை என்ற வீடியோ ஆட்டத்தில் இதுவரை பன்னிரண்டு பாகங்கள் வந்திருந்தன. ஒன்றாம் பாகத்தைப் பற்றிப் பேசினால் ஒசாகாவில் பெரியவர்களுக்கே கண் பளபளக்கும். மூன்றாம் பாகத்தின் பாட்டைப் பேருந்து ஓட்டுநர்கூட முணுமுணுப்பார். ஒன்பதாம் பாகம் சுமார்தான், ஆனாலும் யாரும் திட்டமாட்டார்கள்.

திட்டுவதற்கென்றே ஆறாம் பாகம் இருந்தது.

கோடை விடுமுறையின் முதல் வாரம். சனிக்கிழமை பதிமூன்றாம் பாகம் கடைக்கு வருகிறது. அதைக் கொண்டாட, சிறுவர் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஷிகெனோ சார் ஓர் அலமாரியைத் துடைத்துப் பழைய கேசட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பதினொன்று அடுக்கியாகிவிட்டது. ஆறாவது கேசட் தெப்பேயின் கையில் இருந்தது. அதன்மேல் அவன் ஒரு தாள் ஒட்டியிருந்தான். தாளில் 'குப்பை' என்று எழுதியிருந்தது.

தெப்பே ஆறாம் வகுப்பு. அவன் கட்டைவிரல் வேகத்துக்குக் கூடத்தில் தனி மரியாதை உண்டு.

"சார், இதை மட்டும் வெக்காதீங்க. மத்த தவளைங்களுக்கு அவமானம்."

"நடுவுல ஓட்டை தெரியுமேப்பா" என்றார் ஷிகெனோ சார்.

"தெரியட்டும் சார். சொத்தைப் பல்லைப் பிடுங்கின மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மினோரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு.

"நீ அதை முடிச்சியா?" என்று கேட்டாள்.

"எதை?"

"ஆறை. முழுசா ஆடிட்டுத்தானே குப்பைங்கற?"

"குப்பையை முழுசாத் தின்னு பார்த்தாத்தான் குப்பைன்னு சொல்லணுமா?"

"அப்போ முடிக்கல."

"நாலாவது கட்டத்தை யாருமே தாண்டினதில்லடி! பனிக்குழாய். அதைப் பண்ணின ஆளுக்கு மண்டைக்குள்ள மூளையே கிடையாது. கொழகொழன்னு டோஃபுக் கட்டிதான் இருந்திருக்கும்."

மினோரியின் காது சிவந்தது. பனிக்குழாயைச் செய்தது யார் என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த டோஃபு மண்டைக்காரர்தான் தினமும் காலையில் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுப்பவர்.

"நான் முடிக்கிறேன்" என்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஷிகெனோ சார் அதை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டார். முடித்தால் ஆறாவது கேசட் அலமாரிக்குப் போகும். முடிக்காவிட்டால் காற்றுப்போன பந்துகள் கிடக்கும் பெட்டிக்கு. அன்று செவ்வாய்க்கிழமை.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவருக்கு முப்பது நிமிடம்தான். தொலைக்காட்சியின் மேல் கோழி வடிவத்தில் ஒரு கடிகாரம் இருக்கும். கோழி கத்தினால், கடவுளே ஆடிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். பழைய ஆட்டப்பெட்டிக்கு ஞாபகசக்தியும் கிடையாது. அணைத்தால் மறுநாள் முதலிலிருந்துதான்.

மினோரி பனிக்குழாய்க்குப் போனாள். கிணறு மாதிரி உயரமான குழாய். தவளை அடியிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டும். மேலிருந்து பனி ஈட்டிகள் விழும். கீழிருந்து காற்று தூக்கியடிக்கும். கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்கும். மூலையில் ஒரு கடிகாரம் சிவந்து சிவந்து, ஓடு ஓடு என்று விரட்டும்.

பக்கத்தில் இரண்டாம் வகுப்பு ரியோஜி உட்கார்ந்து, தவளை செத்த கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"பதினொன்னு!" என்றான் ரியோஜி. கோழி கத்தியது.

இரவுச் சாப்பாட்டின்போது மினோரி கேட்டாள். "அப்பா, பனிக்குழாய்ல எப்படி மேல போறது?"

அப்பாவின் சாப்பாட்டுக் குச்சி பாதி வழியில் நின்றது. "அதை எங்கம்மா பார்த்தே?"

"கூடத்துல. எப்படிப் போறது?"

"மன்னிச்சிடும்மா."

"மன்னிப்பு வேணாம். வழி வேணும்."

"தெரியாதேம்மா."

"நீங்கதானே பண்ணீங்க!"

"பண்ணினேன். முப்பது வருஷம் ஆச்சு. 'இன்னும் கஷ்டமாக்கு, இன்னும் கஷ்டமாக்கு'ன்னு மேனேஜர் தலைமேல நின்னார். அந்த மாசம் முழுக்கத் தூக்கமே இல்ல. எதை எங்க வெச்சேன்னு ஞாபகமில்ல. ஏதோ ஒரு வழி வெச்சேன், அது மட்டும் நிச்சயம்."

"ஆடியே பார்க்கலயா?"

"பார்த்தேன். சாகாத தவளையை வெச்சு." அப்பா குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்குன்னு தனியா ஒரு சுவிட்ச் இருந்தது."

மினோரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பத்திரிகையில திட்டினாங்க" என்றார் அப்பா. "லெட்டர் போட்டும் திட்டினாங்க. ஒரு பையன் செத்த தவளையை வரைஞ்சே அனுப்பினான். நல்லா வரைஞ்சிருந்தான்."

"கடைசில உங்க பேர் வருமா?"

"வரும்னாங்க. நான் பார்த்ததில்ல. பார்க்கணும்னா முடிக்கணுமே." அவர் குச்சியைக் கீழே வைத்தார். "விட்டுடும்மா. அது மோசமான ஆட்டம்தான். அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் வேணா மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீங்க கேட்டுக்கோங்க" என்றாள் மினோரி. "நான் கேக்கமாட்டேன்."

புதன்கிழமை பதினான்கு தவளைகள் செத்தன. வியாழக்கிழமை ஒன்பது.

"மொத்தம் முப்பத்தி நாலு" என்றான் ரியோஜி.

"தவளைங்க போலீஸ்ல புகார் குடுக்கப் போகுதாம்" என்றான் தெப்பே. "விரலைக் காட்டு. ஐயய்ய, கொப்புளம்! இந்தக் குப்பைக்காகவா?"

"இன்னும் ஒரு நாள் இருக்கு" என்றாள் மினோரி, விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டே.

அன்று அம்மாவுக்கு மாலை வேலை. அதனால் வீட்டில் கப் நூடுல்ஸ். அப்பா இரண்டு கப்பிலும் வெந்நீர் ஊற்றி மூடினார். மூடியில் மூன்று நிமிடம் என்று போட்டிருந்தது. மூன்றாவது நிமிடம் மினோரி திறந்தாள், சாப்பிட்டாள், தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

அப்பா இன்னும் திறக்கவில்லை. கப்புக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நூடுல்ஸ் துவண்டுடும்."

"துவளணும்மா. பத்து நிமிஷம். அப்பதான் ருசி."

அப்பா எப்போதும் இப்படித்தான். வண்டியே வராத தெருவிலும் பச்சை விளக்குக்காக நிற்பார். இப்போது அவருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அவர் வேலை பார்த்த லிஃப்டுகளில் கதவு சாத்துவதற்குள் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிடலாம்.

மினோரி அப்பாவையே பார்த்தாள். கைகட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா. மூடிய கப். சுவரில் ஓடும் கடிகாரம்.

இந்த மனுஷன்தான் பனிக்குழாயைச் செய்தவர்.

"அப்பா!" என்று குதித்து எழுந்தாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை பலகையில் நான்கு மணிக்கு மினோரி பெயர், நாலரைக்குத் தெப்பே பெயர். ஐந்து மணிக்குக் கூடம் பூட்டிவிடுவார்கள்.

முதல் மூன்று கட்டங்களை அவள் கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவாள். பனிக்குழாய் வந்தது. தவளையை முதல் திட்டுக்குக் கீழே, ஈட்டி விழாத மூலையில் நிறுத்தினாள். கன்ட்ரோலரைப் பாயில் வைத்தாள். கைகட்டிக்கொண்டாள்.

"என்னடி, பூஜையா?" என்றான் தெப்பே.

"பேசாம பாரு."

"ஓடுடி! கடிகாரம் சிவக்குது!"

"சிவக்கட்டும்."

"செத்துடும்!"

"ஏற்கெனவே முப்பத்தி நாலு செத்தாச்சு. இன்னொண்ணு செத்தா என்ன?"

பத்து, ஒன்பது, எட்டு. கூட்டம் நெருக்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. ரியோஜி கண்ணை மூடிக்கொண்டு, "முப்பத்தஞ்சு!" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

பூஜ்யம்.

தவளை சாகவில்லை. கடிகாரம்தான் மறைந்தது. காற்று நின்றது. பனி ஈட்டிகள் சொட்டுச் சொட்டாக உருகின. சொட்டிய நீர் சுவரோரமாக வழிந்து, ஒவ்வொரு படியாக உறைந்து, உச்சிவரை படிக்கட்டாக நின்றது.

மினோரி கன்ட்ரோலரை எடுத்தாள். தவளை கடைக்குப் போகிற மாதிரி நிதானமாகப் படியேறியது. உச்சியில் ஒரு கதவு திறந்து, தவளை உள்ளே போகும்வரை சாத்தாமல் காத்திருந்தது. அதைப் பார்த்ததும் மினோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எண்ணினதைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றான் ரியோஜி.

ஐந்தாம் கட்டம் போனது. ஆறாம் கட்டத்தில் இரண்டு தவளைகள் போயின. மிச்சம் ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். கடைசி எதிரியான எஃகுக் கொக்கு இறங்கி வந்தது. திரை முழுக்க நின்று அலகைத் திறந்தது.

கோழி கத்தியது.

சட்டம் சட்டம்தான். மினோரி ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்தாள். அடுத்த முப்பது நிமிடம் தெப்பேயுடையது. கேசட்டைப் பிடுங்கிவிட்டு அவன் மூன்றாம் பாகத்தைப் போடலாம். யாரும் கேட்க முடியாது. ஷிகெனோ சார் நிமிர்ந்து பார்க்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

தெப்பே பாயில் உட்கார்ந்தான். அவன் கை கேசட்டுக்குப் போனது.

"பிடுங்கிக்கோ" என்றாள் மினோரி. அவள் தலை குனியவில்லை. "ஆனா ஒண்ணு. கொக்குக்குப் பயந்து ஓடினது நானில்ல. நீ."

தெப்பே அவளைப் பார்த்தான். கொக்கைப் பார்த்தான். கையைப் பின்னால் இழுத்தான்.

"வாயை மூடு. இதுல குதிக்கிறது எந்த பட்டன்?"

"மத்ததுல சுடற பட்டன்தான் இதுல குதிக்கிறது."

"கருமம்! இதையுமா மாத்தி வெச்சிருக்காங்க?"

"பக்கத்துல உக்காரவா?"

"உக்காரு. வழி சொல்லு. விரலை நான் பார்த்துக்கறேன்."

கொக்கின் கால் வேகத்துக்கு மினோரியின் கொப்புள விரல் ஈடு கொடுத்திருக்காது. தெப்பேயின் விரல் கொடுத்தது. ஆனால் அந்த விரலுக்குப் பொறுக்கத் தெரியாது.

"இரு!" என்று கத்தினாள் மினோரி. "சுடாதே! இரு... இரு... இப்போ!"

"அலகை மூடிடுச்சே!"

"திறக்கும். இரு. இப்போ!"

பதினேழு நிமிடம். எஃகுக் கொக்கு ஆணி ஆணியாகக் கழன்று விழுந்தது. கூடத்தில் எழுந்த கூச்சலில் கோழிக் கடிகாரமும் தொலைக்காட்சியிலிருந்து கீழே விழுந்தது.

திரை கறுத்தது. பெயர்கள் மேலேறின. மினோரி திரையை முட்டுகிற மாதிரி நின்றாள். ஹிசகாவா என்ற அப்பாவின் பெயர் எங்கே?

பாட்டு: பூனை மீசை. படம்: தூங்குமூஞ்சி இரண்டு. கொக்கு: கருகிய விலாங்கு.

"என்ன சார் பேர் இதெல்லாம்?" என்றான் தெப்பே.

"அந்தக் காலத்துல நிஜப் பேரைப் போட விடமாட்டாங்கப்பா" என்றார் ஷிகெனோ சார். "வேற கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திட்டுப் போயிடுவானாம். அதனால பட்டப்பேர்தான்."

மினோரி தன் கொப்புள விரலைப் பார்த்தாள். நான்கு நாள். முப்பத்தாறு தவளைகள். கடைசியில் அப்பா பெயரே இல்லையா?

அப்போது அடுத்த வரி மேலேறியது.

பனிக்குழாய்: துவண்ட நூடுல்ஸ்.

தெப்பே பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். "துவண்ட நூடுல்ஸாம்! யாருடா அது?"

"எங்க அப்பா" என்றாள் மினோரி.

சிரிப்பு நின்றது.

"நிஜமா?"

"நிஜமா. மண்டைக்குள்ள டோஃபுன்னு சொன்னியே, அவர்தான்."

தெப்பேயின் முகம் ஊறுகாய்ப் பிளம் மாதிரி சிவந்தது. "நாலு நாளா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பாவம்னு நீயே அலமாரியில வெச்சிருப்பே. எனக்கு அப்படி வேணாம்."

தெப்பே கேசட்டை உருவினான். 'குப்பை' தாளை நகத்தால் சுரண்டினான்.

"ஆட்டம் மோசம்தான், சொல்லிட்டேன்" என்றான்.

"படுமோசம்" என்றாள் மினோரி. "அந்த பட்டனை எவனாவது அப்படி மாத்துவானா?"

ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் கேசட்டைத் தெப்பேதான் செருகினான். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தான்.

சனிக்கிழமை பதிமூன்றாம் பாகத்தின் முன்னால் பெரிய கூட்டம். பழைய ஆட்டப்பெட்டியின் முன்னாலும் கூட்டம்தான். நடுவில் மினோரியின் அப்பா மடித்த முழங்காலோடு பாயில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தனக்கு வைத்திருந்த பட்டப்பெயரைக் கேட்டதிலிருந்து அவர், "அந்த மேனேஜர்... அந்த மேனேஜர்..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பனிக்குழாய் வந்தது. சாகிற தவளையை வைத்து அவர் ஆடுவது இதுதான் முதல்முறை. கடிகாரம் சிவந்ததும் பதறிப்போய் ஓடினார்.

"ஒண்ணு!" என்றான் ரியோஜி.

"ஓடாதீங்க மாமா" என்று தெப்பே அவர் தோளைப் பிடித்தான். "அந்த மூலையில நின்னு, கையைக் கட்டிக்கோங்க. காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்ப்பா?"

"நூடுல்ஸ் துவள்ற வரைக்கும்" என்றாள் மினோரி.