எஃகுத் தொண்டை

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியபோது கொம்பு இறங்கியிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரல் நீளத்தில் சாம்பல் நிற ரப்பர்க் கொம்பு, பொம்மைக் காண்டாமிருகம் ஒன்றின் மூக்கிலிருந்து பிடுங்கியது. மேசைமேல் இருந்த எஃகுக் குழலுக்குள் அதை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தார். போகும்போது அதன் நுனி விளிம்புக்கு மேலே மயிரிழை அளவு எட்டிப் பார்த்தது. இப்போது பார்க்கவில்லை. மேசை ஆடியிருக்கும் என்று நினைத்தார். இந்தக் கட்டடத்தைக் கட்டியவனும் ஒரு முட்டாள்தானே.

குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கும் இடம் அது. அங்கே எந்தப் பொம்மையும் முதலில் உயரத்திலிருந்து போடப்படும், பிறகு முறுக்கப்படும், பிறகு கிடுக்கியில் மாட்டி இழுக்கப்படும். ஒரு வயதுப் பிள்ளை என்னென்ன அட்டூழியம் செய்யுமோ அத்தனையையும் இயந்திரங்கள் சலிக்காமல் செய்யும். ஏதாவது கழன்று வந்தால் அந்தத் துண்டு குழலுக்குள் போகும். குழலின் வாய் ஒரு சின்னப் பிள்ளையின் தொண்டை அளவு. அதன் அடி தட்டையாக இருக்காது, சரிவாகக் கடைந்திருக்கும். தொண்டை கிணறு மாதிரி நேராக இறங்குவதில்லை அல்லவா? துண்டு முழுவதும் உள்ளே அடங்கிவிட்டால் பொம்மை தோற்றது. ஒரு நுனியாவது வெளியே நின்றால் தேறியது. விரலால் அழுத்தக் கூடாது. ஆனால் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை அதை எந்தப் பக்கமாக விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் அந்தக் குழலுக்குப் பெயரே தொண்டைதான். ரொட்டியை மென்றுகொண்டே, தொண்டையில போட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள்.

அவருக்கு அங்கே நீதிபதி என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்தது; அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பொம்மை செய்கிறவர்கள் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. இந்தக் காட்டு விலங்குகளையே பாருங்கள்: சிங்கம் சிரிக்கிறது, புலி சிரிக்கிறது, முதலைகூட மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்த மாதிரி இளிக்கிறது. சிங்கத்துக்குப் பல் இல்லை. பல் கூர்மை என்று முன்பு அவரேதான் தோற்கடித்திருந்தார். காண்டாமிருகத்தின் கொம்பு வேறு நிறத்தில் இருந்தே தீர வேண்டும் என்று எவனோ ஓவியன் அடம்பிடித்ததால் அதைத் தனியாக வார்த்து, அடியில் ஒரு குமிழ் வைத்து, மூக்குத் துளையில் பசைவிட்டு அழுத்தியிருந்தார்கள். பசை காய்ந்தால் கொம்பு கழலும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஓவியனுக்குத் தெரியாது.

அதைவிட இளப்பம் அவருக்குப் பெற்றவர்கள்மேல். கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு பிள்ளை வளர்க்கிற கூட்டம். பிள்ளை எதையாவது விழுங்கினால் உடனே ஒரு புகார்.

அதனால்தான் கொம்பை அவர் ஒரே ஒரு முறை போட்டார், குமிழ் கீழே, நுனி மேலே. நுனி வெளியே நின்றது. படம் எடுத்தார், தேறியது என்று கையெழுத்திட்டார். முதல் சரக்கும் இப்படியே தேறித்தான் கடைகளுக்குப் போய் விற்றுத் தீர்ந்தது. அதில் ஒரு பெட்டி அவர் வீட்டுக்கும் போயிருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது கூட வேலை பார்க்கிற பெண் மேசையருகே நின்றாள்.

"சார், தலைகீழா போட்டுப் பாத்தீங்களா? சரிவுப் பக்கம் நுனி போனா முழுசா அடங்கிடும்போல இருக்கே."

"நீ போய் உன் பஸ்ஸைப் பிடிம்மா. பெத்தவங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?"

அவள் போய்விட்டாள். எல்லோரும் போன பிறகுதான் அவர் கோப்பையைக் கழுவப் போயிருந்தார். சன்னல் இல்லாத அந்த அறையில் இயந்திரங்களின் சூடு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. விளக்குகள் சீராக முனகின. சுவரோரம் இரண்டாம் சரக்கின் மாதிரிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தட்டில் வரிசையாக நின்ற விலங்குகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

இடுக்கியால் கொம்பை எடுத்து மறுபடி நேராக நிறுத்தினார். நுனி வெளியே தெரிந்தது. திருப்தியோடு கணினிப் பக்கம் திரும்பினார்.

பின்னால் ஒரு சத்தம். தண்ணீர்க் குழாயில் காற்று ஏறினால் வருமே, அதைவிடச் சின்னதாக, ஈரமாக, நெருக்கத்தில். அவருக்கு அது பழகின சத்தம்தான். தினமும் காலையில் மகளை மடியில் உட்கார வைத்துக் கரண்டியால் கூழ் ஊட்டும்போது கேட்கிற சத்தம்.

விழுங்கும் சத்தம்.

கொம்பு உள்ளே கிடந்தது. இம்முறை தலைகீழாக, நுனி சரிவில் செருகி, குமிழ் மேலே. முழுசாக அடங்கியிருந்தது. அவள் சொன்ன மாதிரியே.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாட ஆளில்லை. குழலைத் தூக்கப் போனவர் கையை உதறினார். எஃகு வெதுவெதுப்பாக இருந்தது. உள்சுவரில் மெல்லிய வழவழப்பு. குனிந்து முகர்ந்தால் எண்ணெய் வாசனை இல்லை. புளித்த பால். புது ஈறு. தூங்கி எழுந்த பிள்ளையின் வாய்.

கொம்பை எடுத்து மேசைக் கோடியில் எறிந்தார். பையை எடுத்தார். விளக்கை அணைக்கக் கை நீட்டினார்.

விழுங்கும் சத்தம்.

திரும்ப மனசில்லை. திரும்பினார். மேசைக் கோடி காலி. குழலின் விளிம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து ஊசித் துளையில் காற்று நுழைகிற மாதிரி ஒரு கீச்சு. நின்றது. மறுபடி கீச்சு. நீண்ட நேரம் எதுவும் இல்லை.

கைப்பேசி அலறியது. மனைவி.

"என்னங்க, பாப்பாவுக்கு மூச்சு வரலைங்க. அந்தக் காண்டாமிருகம்... கொம்பைக் காணோம். குப்புறப் போட்டு முதுகுல தட்டுறேன், வரமாட்டேங்குது. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லைங்க. உதடெல்லாம் நீலமாகுதுங்க."

கால் வாசலுக்கு ஓடப் பார்த்தது. கண் குழலைவிட்டு நகரவில்லை. கீச்சு நின்றுபோயிருந்தது.

கைப்பேசி மேசையில் விழுந்தது. இடுக்கியை உள்ளே விட்டார். குமிழ் வழுக்கியது. ஈர ரப்பர் வழுக்கத்தான் செய்யும். உருண்டையான குமிழை இடுக்கியின் இரண்டு நுனியால் பிடிக்க முடியாது, பக்கவாட்டில் நுழைத்து அடியிலிருந்து நெம்ப வேண்டும். தெரியும். எல்லாம் தெரியும். சுவர் இறுகியது. எஃகு, எஃகு அது, சதை மாதிரி இறுகியது. இடுக்கியைக் கவ்வியது. நெம்பினார். வழுக்கியது. நெம்பினார்.

வந்தது.

எச்சில் நூலோடு கொம்பு தரையில் விழுந்து துள்ளியது. குழல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. அதே நொடி கைப்பேசியில் அழுகை வெடித்தது.

"வந்துடுச்சுங்க." மனைவியும் அழுதாள். "தானா வெளிய வந்து விழுந்துச்சு. அழறா பாருங்க, நல்லா அழறா. நீங்க உடனே வாங்க."

தரையிலேயே உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். கதவு நாலடி தள்ளித்தான் இருந்தது. போய்விடலாம்.

டிக்.

தட்டில் நின்ற இன்னொரு காண்டாமிருகத்தின் மூக்கில் ஒரு துளை. கொம்பு மேசைமேல் உருண்டது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த மாதிரி. விளிம்பில் ஏறி நின்றது. தலைகீழாகக் கவிழ்ந்தது.

விழுங்கும் சத்தம். பிறகு கீச்சு.

கைப்பேசியில் அவர் மகள் அழுதுகொண்டுதான் இருந்தாள், தெம்பாக.

இது அவள் இல்லை.

கதவைப் பார்த்தார். இடுக்கியைப் பார்த்தார். கீச்சு மெலிந்துகொண்டே வந்தது. எந்த வீடோ. பக்கத்தில் யார் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களோ. எழுந்து இடுக்கியை உள்ளே விட்டார். பக்கவாட்டில். அடியில். நெம்பினார். வந்தது. மூச்சு இழுத்தது.

டிக்.

"கிளம்பிட்டீங்களா?" என்றது கைப்பேசி.

டிக். டிக். சுவரோரப் பெட்டிகளுக்குள், கூரைவரை, மழை பிடிக்கிற மாதிரி. அட்டைகள் பிதுங்கின. ஒரு கொம்பை அவர் நெம்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விளிம்பில் ஏறிக் காத்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. மூக்கில் துளையோடு விலங்குகள் இளித்தன.

"என்னங்க? கேக்குதா?"

இடுக்கி வழுக்கியது. கீச்சு நின்றது.

எஃகு வாய் அகலத் திறந்தது. இரண்டு கொம்புகள் ஒன்றாக இறங்கின.