இருபத்திரண்டு பாகை

வோபர்னில் உள்ள அந்த வீட்டிற்கு நான் சென்றது, கடந்த தை மாதத்தின் ஒரு பிற்பகலில். வீடுகளின் வெப்பக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். அங்கு கண்டதை எழுத்தில் வைக்கும் தகுதி எனக்கு உண்டா என்பது தெரியவில்லை. பிழை இருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கதவைத் திறந்தவர் எட்வேட். நாற்பது வயதிருக்கும். வீட்டினுள்ளேயே தடித்த ஜாக்கெற் அணிந்திருந்தார்.

“வாங்கோ லிங்கம் அண்ணை. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, கால் விறைச்சுப்போம்.”

உள்ளே சென்றதும் குளிருக்கு முன்பாக ஒரு மணம் என்னை எட்டியது. காய்ச்சல்காரர் பல நாள் படுத்திருந்த அறையின் மணம். ஆனால் அந்த வீட்டில் எவரும் காய்ச்சலில் இருக்கவில்லை.

நடைக்கூடச் சுவரில், வீட்டின் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய, வட்டத் திருகுடைய தெர்மோஸ்ராற் இருந்தது. அதன் கீழே, குழந்தைகள் அமரும் ஒரு சிறிய கதிரை.

“இருபத்திரண்டிலை வைச்சாலும் பின்னேரம் பதினைஞ்சுக்கு இறங்கீடும் அண்ணை. ரெண்டு பேர் வந்து பார்த்திட்டினம். ஒருத்தர் ஃபர்னஸையே மாத்தச் சொன்னார். மற்றவர் வீட்டையே மாத்தச் சொல்லாத குறை.”

அவருடைய மனைவி ஜோசப்பின் சோபாவில் அமர்ந்திருந்தார். மெல்லிய பருத்திச் சட்டை, வெறுங்கால்கள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

கருவியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த சுருள் தளர்ந்திருந்தது.

“திருத்தலாம். ஆனால் பழசு. மாத்திறதுதான் நல்லம்,” என்று பணிவுடன் கூறினேன்.

“திருத்தினால் காணும் அண்ணை,” என்றார் ஜோசப்பின். “உந்தத் திருகைத்தான் அவளுக்குத் திருப்பத் தெரியும்.”

யாரென்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சென்ற ஆண்டு, அவர்களுடைய ஆறு வயது மகள் ஜெனிற்றாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

“குளிர் பட்டால் கூடும் எண்டு ஹீற்றைக் கூட்டினன். மூண்டு போர்வை. ‘சுடுது அம்மா, குறையுங்கோ’ எண்டு கெஞ்சினவள். பிறகு அந்தக் கதிரையிலை ஏறித் தானே குறைச்சவள். நான் ஏசிப்போட்டுத் திரும்பவும் கூட்டினன். விடிய முதல் போயிட்டாள்.”

“அதாலை இல்லை எண்டு டொக்டர் சொன்னவரெல்லே, ஜோ. மூளையிலை கிருமி,” என்றார் எட்வேட், பலமுறை சொல்லிக் களைத்த குரலில்.

ஜோசப்பின் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

மூன்று மணி பத்து நிமிடமாகியது.

சிறிய கதிரை கிறீச்சிட்டது.

அதன்மேல் எவரும் இல்லை.

திருகு மெல்லத் திரும்பியது. இருபத்திரண்டு. இருபது. பதினேழு. பதினைந்தில் வந்து நின்றது. நிலவறையில், வெப்பக்காற்றை ஊதும் ஃபர்னஸ் ஒரு பெருமூச்சுடன் அடங்கியது.

சுருள் தளர்ந்தால் கருவி வெப்பத்தைத் தவறாகக் காட்டும். திருகைத் திருப்பாது.

எட்வேட் என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று கிசுகிசுத்தார்.

“மாத்துங்கோ அண்ணை. பூட்டுள்ளதாப் போடுங்கோ. உந்தக் குளிருக்குள்ளை இருந்து இருந்து இவளுக்கு ரெண்டு தரம் நியூமோனியா. இன்னொருக்கா வந்தால் தாங்கமாட்டாளாம். பிள்ளையைக் குடுத்திட்டன். இவளையும் குடுக்கச் சொல்லுறியளோ?”

திரும்பினோம். ஜோசப்பின் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கணவரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“மாத்துங்கோ,” என்றார்.

இலக்கங்களை அழுத்தித் திறக்கும் பூட்டுடன் கூடிய புதிய கருவியைப் பொருத்தினேன். எட்வேட் இருபத்திரண்டில் வைத்துப் பூட்டினார். வெப்பக்காற்று எழுந்தது. எட்வேட் முழந்தாளிட்டு, மனைவியின் கால்களுக்கு ஒவ்வொன்றாகக் காலுறை அணிவித்தார். மெல்ல மெல்ல ஜோசப்பினின் உதடுகளில் நிறம் திரும்பியது.

அப்போது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

மூவரும் ஏறிச் சென்றோம். அது ஜெனிற்றாவின் அறை. அகலத் திறந்த ஜன்னலின் வழியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளாகவே தரையில் நாலு விரற்கிடை வெண்மை.

அதன் நடுவே இரண்டு சிறிய பாதத் தடங்கள்.

அவை வெளியே பார்த்தபடி, அருகருகே இருந்தன. அவ்விடத்தில் மட்டும் பனி மரத்தரை வரை உருகி, ஆவி எழுந்துகொண்டிருந்தது.

ஜோசப்பின் குனிந்து, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, புறங்கையை அத்தடத்தில் வைத்தார்.

“எட்வேட்,” என்றார். “பிள்ளைக்கு இன்னும் சுடுது.”

எட்வேட் கீழே இறங்கினார். பூட்டின் இலக்கங்களை அழுத்தும் ஒலி நான்கு முறை கேட்டது. ஃபர்னஸ் நின்றது. திரும்பி வந்து, தம் ஜாக்கெற்றைக் கழற்றி மனைவியின் தோள்களில் போர்த்தி, அருகில் அமர்ந்தார்.

ஜோசப்பின் இரு கைகளாலும் பனியை அள்ளி, அத்தடங்களில் மெதுவாக வைத்தார்.

உருகியது.

மீண்டும் அள்ளி வைத்தார்.

நான் விடைபெறாமலே படியிறங்கியபோதும், அவர் வைத்துக்கொண்டிருந்தார், அது உருகிக்கொண்டிருந்தது.