துரைக்கண்ணுவை அழிக்க முடியாது

போன் அலறியது.

வெண்மதி எடுத்தாள். மறுமுனையில் கல்யாண மண்டப மேனேஜர் பிரிட்டோ. ஆவணி பதினாறு முகூர்த்தத்தில் மோனிகா என்ற பெண்ணின் கல்யாணம் இருந்ததே, அது பதிவிலிருந்தே காணாமல் போய்விட்டது என்றார். அழித்தவன்...

"துரைக்கண்ணுன்னு காட்டுதும்மா. போலீஸ்ல சொல்லிட்டேன்."

வெண்மதி போனைக் கீழே வைத்தாள்.

துரைக்கண்ணு அவள் படைத்த ஆள்! மண்டபத்துக்கான சாஃப்ட்வேரைச் சோதிக்க, எல்லா அனுமதியும் கொடுத்து உண்டாக்கிய பொய் ஆள். ஒப்படைக்கும் முன் அழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டாள். போதாக்குறைக்கு, மண்டபத்தில் தேதி பிடிக்கும் வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்டிய அன்று, அவன் பாஸ்வேர்டைப் பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் தட்டியவளும் அவள்தான்.

அரை மணி நேரத்தில், செஞ்சி பஸ் ஸ்டாண்ட் எதிரிலிருந்த அவள் ஆபீசுக்குள் இன்ஸ்பெக்டர் பொன்னுசாமி நுழைந்தார்.

"எங்க அவன்?"

"அப்படி ஒரு ஆளே கெடயாது சார். டெஸ்டுக்காக நான் உண்டாக்கினது."

"இன்னாம்மா கத உடற? அட்ரஸ் இருக்குதே. பனமலை, ஏரி நடுவுல, கதவு எண் ஒண்ணு. மூணு கான்ஸ்டபிள் தண்ணியில எறங்கிட்டாங்க."

அதுவும் அவள் எழுதியதுதான்.

சாயங்காலத்துக்குள் அவன் வராவிட்டால் அவனுக்குப் பதில் நீ உள்ளே போவாய் என்றார். நீ உண்டாக்கியவன்தான் என்றால், என் கண் முன்னால் அழித்துக் காட்டு என்றும் சொன்னார்.

அழித்தாள்.

அழியவில்லை!

"பாத்தியா, முரண்டு புடிக்கிறான்." இன்ஸ்பெக்டர் குரலில் லேசான மரியாதை.

வெண்மதி நிமிர்ந்தாள். இது அவளே சோதித்த விதி. ஒருவன் இன்னொருவருக்கு அனுமதி கொடுத்திருந்தால், அதைப் பறிக்கும்வரை டேட்டாபேஸ் அவனை அழிக்க விடாது. அவள் அவனைக் கொண்டு யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லையே! அப்படியானால்...

"அவன் பாஸ்வேர்டப் போட்டு வேற யாரோ உள்ள பூந்திருக்காங்க சார். மேனேஜரக் கேக்காமலே தேதி புடிக்கிற அனுமதிய, அவன் கையால தனக்கே குடுத்துக்கிட்டாங்க."

"யாரு? பேரச் சொல்லு. இப்பவே வெலங்கு மாட்டறேன்."

திரையைத் திருப்பினாள். ஒரே ஒரு பெயர்.

சுந்தராம்பாள். கணவர் பெயர்: பொன்னுசாமி. காவலர் குடியிருப்பு, செஞ்சி. மகள் நிலாவுக்கு ஆவணி பதினாறுதான் வேண்டும் என்று குறிப்பு வேறு!



இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

"மோனிகா கல்யாணத்த அதே தேதிக்குத் திருப்பிப் போட்டுடும்மா. இந்தம்மா அனுமதியயும் புடுங்கிடு."

"புடுங்கிடறேன் சார். ஆனா அவங்ககிட்ட போயி யார் சொல்றது?"

பொன்னுசாமி திரையை எட்டிப் பார்த்தார்.

"துரைக்கண்ணுவ அனுப்ப முடியுமான்னு பாரு."