வேப்பம்பலகை

“ஏலே... ஆடுதுல! எம் மவன் காலு ஆடுதுல!”

வண்ணார்பேட்டை பஸ் சத்தத்தையும் மீறி ஆறுமுகத்தாயின் கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது. மருமகள் பிரேமலதா தோசைக்கல்லை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். கட்டிலில் கிடந்த அம்பலவாணனின் வலது கால் வெடுக் வெடுக்கென்று துள்ளிக்கொண்டிருந்தது. போன அறுவடையில் வைக்கோல் லாரி மேலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதிலிருந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவன். இன்று அவன் கண்ணில் அப்படியொரு வெளிச்சம்!

பிரேமலதாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பிசியோதெரபி டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ‘கால் தானாகத் துள்ளும். அதை நம்பிக் கைப்பயிற்சியை விட்டுடாதீங்க.’ அவனும் கேட்டவன்தான். ஆசை வந்துவிட்டால் காது எங்கே கேட்கும்?

கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே வேப்பம்பலகையைப் போட்டு, கையை ஊன்றி அவனே நகர்ந்து உட்காரப் பழக வேண்டும். தினமும் அவன் திட்டுவான், மாமியார் அழுவாள், பிரேமலதா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். “தூக்கிவிட்டா கை தேஞ்சா போவும்? கல்நெஞ்சுக்காரி!” அந்தப் பட்டத்தோடுதான் அவள் இத்தனை மாதமும் அந்த வீட்டில் சோறு தின்றாள்.

“இனிமே இது எதுக்கு?” ஆறுமுகத்தாய் பலகையைப் புறவாசலில் எறிந்தாள்.

“அத்தை, அது தசை இழுப்பு... அவரா ஆட்டல...”

“வாயக் கழுவுட்டி! ஊரே சந்தோசப்படுது... இவ மூஞ்சியப் பாரு!”

“நான் நடந்தா ஒனக்கு என்னட்டி நட்டம்?” என்றான் அம்பலவாணன்.

மாமியாரின் பேச்சு பழகிப்போனது. கட்டியவனே இப்படிக் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

“ஏ செந்திலு! அண்ணனப் பிடிச்சு நிறுத்துல!” ஆறுமுகத்தாய் கூப்பிட்டாள்.

“வேண்டாம் கொழுந்தனாரே...” கேட்பாரில்லை. தம்பி செந்தில்முருகனும் பக்கத்து வீட்டுக்காரரும் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு தெருச்சனம் பார்த்தது.

“இசக்கியம்மா தாயே... கைய விடுல, நிப்பான்!”

விட்டார்கள். கொடியிலிருந்து நழுவும் ஈரத்துணி போலச் சரிந்தான். பிரேமலதா பாய்ந்து தாங்கியதால் தலை தப்பியது. சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

மறுபடி கட்டிலில் கிடத்தியதும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “எதுக்குப் பிடிச்ச? செத்துத் தொலைஞ்சிருப்பேன்லா...”

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் உடைந்தது.

“எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஒங்க காலு துள்ளுனப்ப எம் மனசுந்தான் துள்ளிச்சு... பொய்யினு தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சிரிப்பேன்? தூக்கிவிட எனக்கு ரெண்டு நிமிசம் ஆவுமா? நான் இல்லாத நேரம் வீடு தீப்பிடிச்சா அங்கனயே கெடந்து சாவீயளா? அதுக்குத்தான் இந்தக் கல்நெஞ்சு! போதும்... எனக்கும் சலிச்சுப்போச்சு. இனிமே நானே தூக்குதேன்!”

குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தாள். அவன் அதைத் தட்டிவிட்டான்.

“விடுட்டி... பலகைய எடு.”

அவள் திரும்பினாள். ஆறுமுகத்தாய் முந்தானையால் பலகையின் மண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கனட்டி வைக்கணும்?”

பிரேமலதா காட்டிக்கொடுத்தாள். அவன் கையை ஊன்றினான், வழுக்கினான், மறுபடி ஊன்றினான். பலகையைத் திட்டினான், நாற்காலியைத் திட்டினான், பெண்டாட்டியையும் விடவில்லை. தூக்கிவிட நீண்ட ஆறுமுகத்தாயின் கை பாதியில் நின்றது. அந்தக் கையால் மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். அந்த அதிர்வில் கால் மறுபடி துள்ளியது. இந்தமுறை யாரும் கூச்சல் போடவில்லை. ஆறுமுகத்தாய் குனிந்து அதை நாற்காலியின் மிதிபலகையில் எடுத்து வைத்தாள்.

“ஒன்னப் போயி... கல்நெஞ்சுக்காரின்னு...” முடிக்க முடியாமல் மருமகளின் தோளில் சாய்ந்து விம்மினாள். பிரேமலதாவும் அழுதாள்.

“அழுகைய அங்கன தள்ளி நின்னு வச்சுக்கிடுங்க.” அம்பலவாணன் சக்கரத்தை உருட்டினான். “எனக்குப் பசிக்கு. வழிய விடுங்க.”

இருவரும் விலகி வழிவிட்டார்கள்.