வெயில் படாத இடம்

கதவில் இருந்த அந்த இரண்டு கைகளையும், யாரோ பெயிண்ட் அப்பிய கையோடு தொட்டுவிட்ட கறை என்றுதான் பெனடிக்ட் முதலில் நினைத்தான். கார் முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக வெயில் தின்றதில் பானெட்டும் கூரையும் பலமுறை துவைத்த பாவாடையின் நிறத்துக்கு வந்திருந்தன. இடதுபக்கப் பின்கதவில் மட்டும், கண்ணாடிக்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகள் விரல்களோடு, புதுக் காரின் சிவப்பில் பளிச்சென்று இருந்தன.

தின்னரில் நனைத்த துணியால் துடைத்தான். துணியில் ஒன்றும் ஏறவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அது மேலே ஒட்டிய கறையே அல்ல, காரின் சொந்த பெயிண்ட்தான். சுற்றியிருப்பதுதான் வெளுத்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. பழைய ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இப்படித்தான் நிறம் பத்திரமாக இருக்கும். ஆனால் கை வடிவத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள் யார்? பசைத் தடமும் இல்லை. விரல்கள் வேறு கொஞ்சம் அதிக நீளம். யாருக்கு என்ன கிறுக்கோ என்று சொல்லிக்கொண்டு, பெயிண்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறப்போட்டான்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டை ஒட்டி அவனுக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. வெளுத்துப்போன கார்களைச் சல்லிசாக வாங்கித் தேய்த்து, பாலிஷ் போட்டு விற்பது தொழில். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது புதுக் கார். கிட்டே வந்து குனிந்து பார்க்கிறவர்களை டீ குடிக்க அழைத்துப் போய்விடுவான். மனைவி அக்சிலியா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததாலும், பள்ளிக்கூடம் லீவு என்பதாலும், மகள் டெபோரா தினமும் அவனோடு ஷெட்டுக்கு வந்தாள். ஏழு வயது வாயாடி. அக்சிலியா திரும்பி வரும்வரை அவளை ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவனுக்கு எந்நேரமும் இருந்த கவலை.

காரை ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம், சின்னண்ணன் என்ற விவசாயியின் காட்டில் வாங்கியிருந்தான். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. பொட்டல் நடுவில் நின்றது.

“ஏனுங்க, ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கலாமே?” என்று கேட்டான்.

“மூடுனா தங்க மாட்டேங்குதுங்க. விடிஞ்சா கீழ கெடக்கும்,” என்றார் சின்னண்ணன். அவர் காருக்குப் பக்கத்திலேயே வரவில்லை. வரப்பில் நின்றபடி சாவியைத் தூக்கிப் போட்டார். பிறகு கேட்டார்: “உங்க ஊட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா?”

பிள்ளைகுட்டியோடு போக, சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறான் என்று தெரிந்தால் விற்கிறவர் விலையை ஏற்றுவார். “இல்லீங்க,” என்றான் பெனடிக்ட். தொழில் பழக்கத்தில் வந்த பொய்.

சின்னண்ணனின் முகம் தெளிந்தது. “அப்பச் சேரீங்க. எடுத்துட்டுப் போங்க சாமி.”

ஷெட்டில் அன்று பகல் முழுக்கத் தேய்த்தான். தண்ணீர் வழிய வழிய வாட்டர் பேப்பரின் சரக் சரக் சத்தமும், அதற்கு மேல் பாலிஷ் மெஷினின் ரீங்காரமும், சூடேறிய பாலிஷ் பசையின் மண்ணெண்ணெய் கலந்த வாடையும், கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டப் டப்பென்று சத்தம் போடுவதும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. வெளுத்த தோல் உரிந்து அடியிலிருந்து சிவப்பு மேலே வந்தது. பின்கதவை மட்டும் ஏனோ கடைசிக்கு வைத்திருந்தான். அதையும் தேய்த்து முடித்தபோது கைகள் சுற்றியிருந்த சிவப்போடு கலந்து காணாமல் போயின. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் சூரமங்கலத்திலிருந்து ரயில்வேக்காரர் குணசீலன் கார் பார்க்க வருவதாக இருந்தார். காலையிலேயே காரை முற்றத்து வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலையில் இறங்கினான். மதியம் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவனுக்குக் கை அப்படியே நின்றது.

பின்கதவு வெளுத்திருந்தது. வருஷக்கணக்கில் நடக்க வேண்டியது ஒரு காலைப்பொழுதில் நடந்திருந்தது. நடுவே அதே கைகள், அதே புதுச் சிவப்பில். நேற்று கண்ணாடிக்குக் கீழே இருந்தவற்றில் ஒன்று இன்று கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருந்தது.

கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே, பின்சீட்டில், டெபோரா பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பா! அந்தக் கொதிக்கிற வண்டிக்குள்ள என்ன பண்ற? எறங்கு!”

“இங்க சில்லுன்னு இருக்குதுப்பா. இந்தப் பக்கம் மட்டும் நெழல் இருக்குது.”

அவன் எட்டிப் பார்த்தான். வலதுபக்க சீட்டில் வெயில் எரிந்துகொண்டிருந்தது. டெபோராவின் மடியிலும் கழுத்திலும் முகத்திலும் நிழல். அண்ணாந்து பார்த்தான். மரம் இல்லை. மேகம் இல்லை. சூரியனுக்கும் அவளுக்கும் நடுவே எதுவுமே இல்லை. கதவுக்குப் பக்கத்து மண்ணிலும் நிழல் விழவில்லை. நிழல் மகளின் மேல் மட்டும் கிடந்தது.

பெனடிக்ட் நன்றாகவே பயந்துவிட்டான். வலதுபக்கக் கதவு வழியாக அவளை இழுத்துத் தூக்கி, ஷெட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தான். அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. சின்னண்ணனுக்குப் போன் போட்டான். ரிங் போனது. உள்ளே சிக்னல் விட்டு விட்டு வர, ஷெட்டின் பின்பக்கம் போய் நின்றான்.

“சொல்லுங்க சாமி.”

“ஏனுங்க, அந்தக் கார்... அந்தப் பின்கதவுல ரெண்டு கை...”

மெதுவாக, “கையி இன்னும் கதவுலதானுங்களே இருக்குது?” என்றார் சின்னண்ணன்.

“ஆமாங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

போனைக் காதில் வைத்தபடி முற்றத்துக்கு வந்தான். கார் நின்றது. பின்கதவு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெளுத்திருந்தது. கைப்பிடியிலும் ஒன்றும் இல்லை.

“கதவுல இல்லீங்க.”

“புள்ளைங்க இல்லீன்னுதானுங்களே சொன்னீங்க?” சின்னண்ணனின் குரல் உடைந்தது. “இல்லீன்னீங்களே சாமி...”

அவன் ஷெட்டுக்குள் ஓடினான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி.

“டெபோரா!”

ரோட்டில் ஒரு லாரி போனது.

“டெபோரா!”

“இங்கப்பா.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில் நின்றிருந்தாள். பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டான். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது. அழுதுவிட்டான். முழுசாக இருந்தாள். ஒரு கீறல் இல்லை.

வெயில்தான் அவளைப் போட்டு வறுத்திருந்தது. சற்றுமுன் நிழலில் இருந்தவளின் நெற்றியும் கன்னமும் கைகளும் ஒரு கோடை முழுக்க அலைந்த மாதிரிக் கருத்திருந்தன.

“அங்க சும்மா உக்காராம ஏன்டி வந்த?”

“நீதானப்பா கூட்டிட்டு வந்த?”

அவளுடைய இடது புஜத்தைப் பார்த்தான். கருத்த தோலுக்கு நடுவே வெளுப்பாக ஒரு வளையம். வளையம் இல்லை. விரல்கள். நான்கு முன்பக்கம். திருப்பினான். கட்டைவிரல் பின்பக்கம். அவளுடைய பழைய நிறம், வெயில் படாமல், அங்கே மட்டும் பத்திரமாக இருந்தது.

அழுக்குத்தான். கழுவினால் போய்விடும். சோப்பை எடுத்தான். தேய்த்தான். போகவில்லை. இன்னும் தேய்த்தான். சோப்பு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குனிந்து துழாவினான்.

“விடுப்பா,” என்றாள் டெபோரா. “ரெண்டு கையையும் இப்படிப் பிடிக்காத. வலிக்குது.”

பெனடிக்ட்டின் இரண்டு கைகளும் தண்ணீருக்குள் இருந்தன.